நடை வேகமும் நெற்றிப் பளுவும்: பக்கவாதத்துக்குப் பின் ஒரு மீன் வியாபாரியின் நடை மீட்பு – நிகழ்வு ஆய்வு

பக்கவாதம் வந்த பத்தாவது வாரத்தில் அந்த அம்மா பத்து மீட்டர் தூரத்தை 17.2 நொடியில் நடந்து முடித்தார். ஐந்தாவது வாரத்தில் அதே தூரத்துக்கு 32 நொடி ஆகியிருந்தது. நொடிக்கு 0.31 மீட்டராக இருந்த நடை வேகம் 0.58 மீட்டராகிவிட்டதால், வாரத்துக்கு ஐந்து நாள் நடந்துவந்த இயன்முறை சிகிச்சையை ஒரு நாளாகக் குறைக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருந்தேன். அன்று அவருடைய இரு கணுக்கால்களிலும் இடுப்பிலும் நெற்றியிலும் பொருத்தியிருந்த உணரிகளின் பதிவுகளை மாலையில் உட்கார்ந்து பார்த்தபோது அவை அந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை. எழுதிய வரியை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன், அதற்குப் பிறகு சிகிச்சையில் எதை மாற்றினோம், அந்த மாற்றத்துக்கு இந்தக் கருவிகளின் சாட்சியை எதுவரை நம்பலாம் என்பவையே இந்த ஆய்வில் பதிவாகின்றன.

நோயாளி

நோயாளி 54 வயதுப் பெண். வலக்கைப் பழக்கம் உள்ளவர். கடலூரை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தில் வசிப்பவர். அதிகாலையில் துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் தெருக்களில் விற்பது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய தொழில். அவரை யாரென்று கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டி, அவரும் மகளும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே கையெழுத்துப் பெற்றோம்.

உயர் ரத்த அழுத்தம் இருப்பது ஆறு ஆண்டுகளாகவே அவருக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக மாத்திரைகள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வியாபாரம் சூடுபிடித்ததும், உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே என்று மாத்திரையை விட்டுவிட்டார். மாத்திரை டப்பா நிறைந்திருந்ததை மகள் பிறகுதான் பார்த்தார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள் அதிகாலை மூன்றரை மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பி வாசற்படி இறங்கும்போது இடது கால் மடங்கி விழுந்தார். வீட்டில் தைலம் தேய்த்தார்கள். உறவினர் ஒருவர் புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று புறா தேடிப் போனார். மருத்துவமனையை அடைந்தபோது பகல் இரண்டரை மணி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் காலை எட்டு மணிக்கே முடிந்துவிட்டிருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில், மூளையின் வலப்பக்கத்தில் உட்பொதியின் பின்கையிலிருந்து மேல்நோக்கி விரிந்த ஒரு சிறிய அடைப்புப் பகுதி தெரிந்தது. மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகள் குறுகிய இடத்தில் நெருங்கிச் செல்லும் பாதை அது. அதனால் அடைப்பு சிறியதாக இருந்தும் இடது கையும் காலும் ஒருசேர விழுந்தன. புறணியில் சேதம் இல்லை. பேச்சு, நினைவாற்றல், தொடு உணர்வு எல்லாம் நன்றாகவே இருந்தன. நெற்றிப் பகுதியில் வைக்கும் உணரியின் பதிவை, அதற்கு அடியிலுள்ள திசு நலமாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடு படிக்க முடிந்ததற்கு இது முக்கியமான காரணம்.

ஐந்தாவது வாரத்தில் அவர் நான்கு கால் ஊன்றுகோலுடன் நடந்தார். பக்கவாதத்துக்குப் பின் இயக்கம் எவ்வளவு மீண்டிருக்கிறது என்று அளக்கும் ஃபூகல்-மேயர் அளவுகோலின் கால் பகுதியில் 34க்கு 17 மதிப்பெண். இடது பாதத்தை மேலே தூக்க முடியாததால் காலை வெளிப்புறமாக அரைவட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார்; எடை இறங்கும்போது முழங்கால் பின்பக்கம் வளைந்து பூட்டிக்கொண்டது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கை வராவிட்டாலும் போகட்டும், ஏலக் கூடத்துக்குத் தன் காலால் போய் நிற்க வேண்டும் என்றார். நடப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே குறித்து வைத்தேன்: “காலு தானா வரல தம்பி. ஒவ்வொரு அடிக்கும் அதைக் கூப்பிடவேண்டியிருக்கு.”

கருவிகள்

உணரிகளைச் சொந்தமாக வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஒரு பொறியியல் ஆய்வுக் குழு தங்கள் கருவியையும் ஒரு மாணவரையும் மூன்று முறை எங்களுக்காக அனுப்பிவைத்தது. அசைவைப் பதிவு செய்ய, முடுக்கத்தையும் சுழற்சி வேகத்தையும் நொடிக்கு நூறு முறை அளக்கும் தீப்பெட்டி அளவு உணரிகள் மூன்று: கணுக்காலுக்குச் சற்று மேலே பக்கத்துக்கு ஒன்று, இடுப்பெலும்பின் பின்புறத்தில் ஒன்று. மூளைக்கு, அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் ஒரு தலைப்பட்டை.

இந்த ஒளி முறையின் அடிப்படை எளிது. 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட ஒளி தோலையும் மண்டையோட்டையும் ஓரளவு ஊடுருவிச் செல்லும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் அதை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். மூளையில் ஆக்சிஜன் நிலையை இந்த ஒளியால் வெளியிலிருந்தே கண்காணிக்க முடியும் என்பதை ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977இல் காட்டினார். ஒளி தரும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் இடையே சுமார் 3 செ.மீ. இடைவெளி விட்டால், ஒளி வாழைப்பழம் போல் வளைந்து புறணியின் மேற்பரப்பைத் தொட்டுத் திரும்புகிறது. வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்தப் பெருக்கு உச்சத்தை அடைய ஐந்தாறு நொடி ஆகும். ஆகவே ஒரு தனி அடியை இது காட்டாது. அரை நிமிட நடையைத்தான் காட்டும். அதுவும் முன்னதைவிடக் கூடியதா குறைந்ததா என்பதை மட்டுமே சொல்லும்.

காலின் இயக்கத்துக்கான பகுதி உச்சந்தலைக்குக் கீழே, இரு அரைக்கோளங்களும் சந்திக்கும் பிளவுக்குள் மடிந்து கிடக்கிறது. ஒளி அவ்வளவு ஆழம் போகாது. போகும் ஓரங்களிலும் முடி குறுக்கிடுகிறது. அடர்ந்த கருமுடி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் பட்டை நிற்பதே இல்லை. முதல் நாள் சீப்பின் வாலால் முடியை வகிர்ந்து வகிர்ந்து உச்சிப் பகுதியில் பன்னிரண்டு இடங்களில் முனைகளை வைத்தோம். ஐந்தில்தான் பயன்படும் சமிக்ஞை கிடைத்தது. இரண்டாம் முறை வரும்போது எண்ணெய் வைக்காமல், தலை குளித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொண்டோம். மருத்துவமனைக்குப் போகும்போது எண்ணெய் தடவாத தலையோடு போவதா என்று மாமியார் கோபித்துக்கொண்டாராம். ஜப்பானில் மியாயி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதத்துக்குப் பின் நடை சீராகச் சீராக இரு பக்க இயக்கப் புறணிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் நோயாளியிடம் அதைச் சோதித்துப் பார்க்கும் தரத்தில் உச்சிப் பதிவுகள் கிடைக்கவில்லை. ஆகவே இந்த ஆய்வு நெற்றியோடு நின்றுகொள்கிறது.

நெற்றியில் முடி இல்லை. ஆனால் திருநீறு இருந்தது. பூச்சின் மேல் முனையை வைத்தால் ஒளி சிதறும் என்பதால் துடைக்கச் சொன்னோம். அவர் முகம் வாடியது. பதிவு முடிந்ததும் அங்கேயே பூசிக்கொள்ளலாம் என்று மகள் ஒரு பொட்டலத்தில் திருநீறு கொண்டுவரத் தொடங்கிய பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. குங்குமப் பொட்டு புருவ நடுவில் கீழே இருந்ததால் அதைத் தொடவேண்டியிருக்கவில்லை.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யையும் முயன்றோம். நடக்கும்போது வயர்கள் ஆடின, கடலூர் புழுக்கத்தில் வழிந்த வியர்வையால் அலைகளின் அடிக்கோடே நகர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை அசைத்தபோது மட்டும், 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலைகள் அசைவுக்கு முன்பே தணிந்து, அசைவு முடிந்ததும் மீண்டும் எழுவதைப் பார்க்க முடிந்தது. நடையைப் பற்றிய கேள்விக்கு அதில் பதில் இல்லை என்பதால் அதை அத்துடன் விட்டுவிட்டோம்.

கணுக்கால் உணரிகளும் தொல்லை தராமல் இல்லை. குதிகால் தரையில் மோதும் அதிர்வை வைத்தே அந்த மென்பொருள் ஒரு அடியை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. இந்த அம்மாவின் இடது குதிகால் தரையில் மோதுவதே இல்லை. முன்பாதம்தான் முதலில் படுகிறது. மென்பொருள் இடது அடிகளில் பலவற்றைத் தவறவிட்டது. செல்போனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டி, மாணவரும் நானும் ஒவ்வொரு அடியையும் கையால் குறித்தோம். நலமானவர்களின் நடைக்காக எழுதப்பட்ட கணக்கை நோயாளியின் நடைக்கு அப்படியே பயன்படுத்துவோர் இந்த ஒரு வேலையைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

மூன்று அளவீடுகள்

ஐந்தாவது, பத்தாவது, பதினெட்டாவது வாரங்களில் அளந்தோம். இடையில் வடகிழக்குப் பருவமழையில் ஒன்பது நாட்கள் அவரால் வீட்டைவிட்டு வர முடியவில்லை. 14 மீட்டர் நடைபாதையில் நடுவிலுள்ள 10 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுத்தோம். நெற்றிப் பதிவுக்கு அரை நிமிடம் நிற்பது, அரை நிமிடம் நடப்பது என்று ஆறு சுற்றுகள்.

வேகம் 0.31, 0.58, 0.74 என்று ஏறியது. பக்கவாதத்துக்குப் பிந்தைய மாதங்களில் நொடிக்கு 0.16 மீட்டர் கூடினாலே அதைப் பொருளுள்ள முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். ஆகவே முதல் இடைவெளியின் முன்னேற்றத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஜாக்குலின் பெர்ரி குழுவினர் 1995இல் வகுத்த பிரிவின்படி 0.4க்குக் கீழே என்றால் வீட்டுக்குள் நடப்பவர், 0.8க்கு மேலே என்றால் தாராளமாக வெளியே நடமாடுபவர். இந்த அம்மா முதல் வகையிலிருந்து நடுவகைக்கு வந்துவிட்டிருந்தார்.

கால் வீசும் நேரத்தில்தான் சிக்கல் தெரிந்தது. நலமான நடையில் ஒவ்வொரு காலும் சுழற்சியின் ஏறத்தாழ 60 விழுக்காடு தரையிலும் 40 விழுக்காடு காற்றிலும் இருக்கும். இரு கால்களின் வீச்சு நேரமும் சமம். ஐந்தாவது வாரத்தில் இவருடைய இடது கால் 0.62 நொடியும் வலது கால் 0.36 நொடியும் காற்றில் இருந்தன, விகிதம் 1.72. பத்தாவது வாரத்தில் 0.60, 0.36, விகிதம் 1.67. வேகம் இரட்டிப்பை நெருங்கியபோதும் இந்த விகிதம் அசையவே இல்லை. வலது கால் காற்றில் இருக்கும் நேரம் என்பது இடது கால் தனியாக உடலைத் தாங்கும் நேரம். அது ஐந்து வாரத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. இரு கால்களும் ஒன்றாகத் தரையில் நிற்கும் நேரத்தைச் சுருக்கியும், வலது காலால் பலமாக உந்தியுமே அவர் வேகத்தைச் சம்பாதித்திருக்கிறார். இடது காலை நம்பி நிற்க அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்து இதை ஊகித்திருக்கலாம். ஆனால் வேகம் கூடிய மகிழ்ச்சியில் நான் பார்க்கவில்லை.

நெற்றிப் பதிவும் அதே பக்கம் சாய்ந்தது. நடப்பதற்குப் பெரும்பாலும் தண்டுவடமும் மூளைத்தண்டும் சிறுமூளையும் போதும். முன்நெற்றிப் புறணி வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின் அந்தத் தானியங்கு நடை குலையும்போது நெற்றிப் பகுதி உதவிக்கு வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “அதைக் கூப்பிடவேண்டியிருக்கு” என்று அவர் சொன்னதை இதைவிட நன்றாக எந்தப் பாடநூலும் சொல்லிவிடாது. நிற்கும்போது இருந்த அளவோடு ஒப்பிட்டால், நடக்கும்போது நெற்றியில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஐந்தாவது வாரத்தில் 0.7 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) கூடியிருந்தது. பத்தாவது வாரத்தில் 1.3 கூடியது.

அந்த 1.3ஐ முதலில் நானும் நம்பினேன். பிறகுதான் ஒரு பிழை புலப்பட்டது. ஐந்தாவது வாரத்து வேகத்தில் அரை நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர்தான் நடப்பார், திரும்பவே வேண்டாம். பத்தாவது வாரத்தில் பதினேழு மீட்டர் நடக்கிறார். 14 மீட்டர் நடைபாதையில் ஒருமுறை திரும்பியாக வேண்டும். திரும்புவது அவருக்கு நடப்பதைவிடக் கடினம், விழும் பயமும் அங்கேதான். ஆக, நாங்கள் ஒப்பிட்டது இரண்டு வெவ்வேறு வேலைகளை. மூன்று நாள் கழித்து, பழைய கட்டடத்தின் 30 மீட்டர் தாழ்வாரத்தில் திரும்பாமல் நடக்கவைத்து மறுபடி அளந்தபோது 0.9 கிடைத்தது. குறைந்துதான் போயிற்று, ஆனாலும் ஐந்தாவது வாரத்தைவிடத் தாழவில்லை. ஐந்தாவது வாரத்தில் சும்மா நிற்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்திருக்கும் என்பதால், அன்றைய 0.7 உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகியிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நடை வேகம் கூடிய அளவுக்கு நெற்றியின் பளு இறங்கவில்லை என்பது மட்டும் உறுதி.

கணக்கும் பேரமும்

நடக்கும்போது இன்னொரு வேலையைக் கொடுத்து, வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னோம். மாணவர் தன் தாளைப் பார்த்துச் சரிபார்த்து முடிப்பதற்குள் அந்த அம்மா அடுத்த இரண்டு விடைகளைச் சொல்லிவிட்டார், வேகம் 0.58இலிருந்து 0.55 ஆனது, அதாவது ஐந்து விழுக்காடு இழப்பு. முப்பது ஆண்டுகளாக ஏலத்தில் மனக்கணக்குப் போட்டவருக்குக் கழித்தல் ஒரு சுமையே இல்லை. உலகெங்கும் பயன்படும் ஒரு சோதனை, அவர் தொழிலின் காரணமாக, அவரிடம் ஒன்றையும் அளக்கவில்லை.

அடுத்து, முக்கால்வாசி தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் சொம்பை வலது கையில் கொடுத்தோம். வேகம் 0.41க்கு இறங்கியது, 29 விழுக்காடு இழப்பு. கண்ணும் கையும் தண்ணீரைக் கவனித்ததும் காலைக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று.

மூன்றாவதாக நானே வாடிக்கையாளராக மாறி, பக்கத்தில் நடந்துகொண்டே சங்கரா மீன் விலை கேட்டுப் பேரம் பேசினேன். ஒவ்வொரு முறையும் அவர் நின்றுவிட்டுத்தான் பதில் சொன்னார். பேசும்போது நடையை நிறுத்தும் முதியவர்கள் விழும் வாய்ப்பு அதிகம் என்று லுண்டின்-ஓல்சன் குழுவினர் 1997இல் லான்செட் இதழில் எழுதிய சிறு கட்டுரையை இயன்முறை மருத்துவர்கள் எல்லோரும் படித்திருப்போம். விழும் அபாயம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மகள் குறுக்கிட்டார்: “எங்கம்மா எப்பவும் நின்னுதான் சார் விலை பேசும். நடந்துகிட்டே பேசினா ஆளு போயிடுவாங்கன்னு சொல்லும்.” முப்பது ஆண்டுத் தொழில் வழக்கத்தை நோய்க்குறி என்று எழுதவிருந்தேன். அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்கவில்லை. சொம்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சிகிச்சையின் திசையைப் பத்தாவது வாரத்துக்குப் பிறகு மாற்றினோம். வேகமாக நடக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டு, இடது காலில் எடையை இறக்கி நிற்பது, இடது கால் தரையில் நிற்க வலது காலைத் தாழ்வான பலகை மேல் மெதுவாக வைத்து எடுப்பது, முழங்கால் பின்னால் பூட்டாமல் நிறுத்திப் பிடிப்பது என்று நாளுக்கு நாற்பது நிமிடம். சீரான தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் தட்டுக்கு அடிவைக்கச் சொன்னபோது அது மண்டைக்குள் கொட்டுகிறது என்று மறுத்துவிட்டார். கடைசிப் பத்து நிமிடம் எப்போதும் சொம்போடு நடை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்துபோன இயன்முறை மருத்துவருக்கும் இதே பயிற்சியை எழுதிக்கொடுத்தோம்.

பதினெட்டாவது வாரத்தில் இடது வீச்சு 0.52 நொடி, வலது 0.41, விகிதம் 1.27. ஃபூகல்-மேயர் மதிப்பெண், பத்தாவது வாரத்தில் 22 ஆக இருந்தது, 25 ஆயிற்று. நீளத் தாழ்வாரத்தில் நெற்றி ஏற்றம் 0.4 மைக்ரோமோலார். சொம்போடு நடக்கும்போது வேகம் 0.64, இழப்பு 14 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஊன்றுகோல் ஒற்றைக் கால் உடையதாக மாறி, வீட்டுக்குள் அதுவும் இல்லாமல் போயிற்று.

மணல்

இவை எல்லாம் சிமெண்டுத் தரையில். அவர் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை மணல்தான். மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று 1998இல் வெளியான லெஜ்யூன் குழுவினரின் ஆய்வு கணக்கிட்டது. அது நலமான கால்களுக்கான கணக்கு.

பதினெட்டாவது வார அளவீடு முடிந்த மறுநாள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனோம். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு; நெற்றி உணரியின் மேல் பட்டால் பதிவு முழுவதும் குருடாகிவிடும். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்தே எழுவதால் மறைவுக்கும் இடமில்லை. பழைய குடைத் துணியைத் தைத்துப் பட்டையின் மேல் ஒரு கறுப்புக் குல்லாய் மாட்டி, அதிகாலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி வெளுப்பதற்குள் முடித்தோம். இரு பக்கமும் ஆட்கள் கூடவே நடந்தோம்.

தாழ்வாரத்தில் 0.74 ஆக இருந்த வேகம் ஈர மணலில் 0.61 ஆகவும், கரை மேலுள்ள காய்ந்த மணலில் 0.38 ஆகவும் இறங்கியது. காய்ந்த மணலில் அவர் மறுபடி வீட்டுக்குள் நடப்பவர் வகைக்குத் திரும்பிவிட்டார். நெற்றிப் பதிவில் பாதிச் சுற்றுகளைத் தலை அசைவால் தள்ளிவிட வேண்டியிருந்தது. மிஞ்சியவற்றில் ஏற்றம் பத்தாவது வாரத்து அளவுக்கு இருந்தது. ஆனால் மணலில் மூச்சு வாங்குகிறது, நாடி ஏறுகிறது, நெற்றித் தோலிலும் ரத்தம் கூடுகிறது. அதில் எவ்வளவு மூளையுடையது என்று பிரித்துச் சொல்ல எங்கள் கருவியால் முடியவில்லை.

மணலில் கிடைத்த நல்ல செய்தி கணுக்கால் உணரியிலிருந்து வந்தது. ஈர மணலில் வேகம் தெற்கு நோக்கி 0.66, வடக்கு நோக்கி 0.56. இடது பாதம் மணலை உரசியதற்கு அடையாளமான சிறு அதிர்வுகளை எண்ணினால், இருபது இடது அடிகளில் தெற்கே இரண்டு, வடக்கே ஏழு. கரை கடலை நோக்கிச் சரிகிறது. வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம்; இடது கால் மேட்டுப் பக்கத்தில் விழ வேண்டும், தூக்க முடியாத பாதத்தை இன்னும் கூடுதலாகத் தூக்க வேண்டும். தெற்கே போகும்போது இடது கால் பள்ளத்துப் பக்கம். வீசுவதற்கு இடம் கிடைக்கிறது. பதிவைப் பார்த்து இதை நாங்கள் கண்டுபிடித்துச் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. வடக்கே போனால் கால் இடிக்கிறது என்று இரண்டு வாரம் முன்பே மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் அவருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தோம். அதைச் செருப்போடு போட வேண்டும். மணல் புகுந்து தோலை அறுக்கிறது என்று அதை மூலையில் வைத்துவிட்டார். வெறுங்காலோடு நடப்பவருக்கு அது பொருந்தாது என்பது முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே கட்டி முன்பாதத்தை மேலே இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டையை மாற்றிக் கொடுத்தோம். வெறுங்காலிலும் அது நிற்கிறது.

எதுவரை நம்பலாம்

பத்தாவது வாரத்துக்குப் பிறகு கால்கள் சமன்பட்டதற்கு எங்கள் சிகிச்சை மாற்றமே காரணம் என்று இந்த ஒரு நோயாளியைக் கொண்டு சொல்ல முடியாது. பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறது. அவர் மீட்சியின் ஒரு பங்கு அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அதற்கிடையில் ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் கூட்டப்பட்டது. அதுவும் நெற்றி ரத்த ஓட்டத்தை மாற்றியிருக்கலாம். மூளைக்கு மேலுள்ள தோலின் ரத்தத்தைக் கழிப்பதற்காக வைக்கும் குறுகிய இடைவெளி முனைகள் எங்களிடம் இரண்டே இருந்தன. நெற்றி ஏற்றம் குறைவது எப்போதும் நல்லது என்றும் கொள்ளக் கூடாது: சிலருக்கு அந்த உதவிதான் விழாமல் காக்கிறது. ஒளி உணரியை மட்டும் வைத்து யாருக்கும் சிகிச்சையை நீட்டவோ நிறுத்தவோ மாட்டேன். வீச்சு நேர விகிதத்தை வைத்து மாற்றுவேன். அது இரண்டு உணரியும் ஒரு செல்போன் வீடியோவும் இருந்தால் எந்த வட்ட மருத்துவமனையிலும் எடுக்கக்கூடியது. நெற்றிப் பதிவு அந்த விகிதத்தை நான் அலட்சியம் செய்யாமல் நிமிர்ந்து பார்க்க வைத்தது. இந்த நிகழ்வில் அதன் பங்கு அவ்வளவுதான்.

ஆறாவது மாத முடிவில் அவர் வீட்டுக்குப் போனேன். வாரம் மூன்று நாள் ஏலக் கூடத்துக்குப் போய் விலை கேட்டு நிற்கிறார். கூடையை மகள் தூக்குகிறார். கூடத்தின் ஈரத் தரையில் மட்டும் ஊன்றுகோல் வைத்துக்கொள்கிறார். வடக்குத் தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மாலையில் போய்வருவதாகச் சொன்னார். மணலில் வடக்கே கால் இடிக்குமே என்று கேட்டேன். போகும்போது தார் ரோட்டு வழியாகவும் திரும்பும்போது கரையோரமாகவும் வருகிறாராம். கணுக்கால் உணரிகளைக் கட்டி அன்று மாலை அவரோடு நடந்தேன். கரையோரம் தெற்கு நோக்கி வந்த இருநூறு சொச்சம் இடது அடிகளில் பாதம் நான்கு முறைதான் உரசியது.